இளைப்பு கூடினால்: வீட்டில் மருந்துப் பொட்டலமா, போனில் கேட்பதா, நேரே ஆஸ்பத்திரியா?

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்து தேறியவர், வீட்டுக்குக் கிளம்பும்போது தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மறுபடி இளைப்பு வந்தா?" பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "உடனே வந்துடுங்க." தப்பான பதில் இல்லை. ஆனால் தினமும் கொஞ்சம் இளைத்துக்கொண்டேதான் அவர் வாழ்கிறார். அதில் எந்த இளைப்புக்கு "உடனே" வரவேண்டும் என்று அந்தப் பதில் சொல்வதில்லை.

கிழக்கு லண்டனில் நோயாளிகளைத் தினமும் குறிப்பெழுத வைத்துப் பின்தொடர்ந்த ஆய்வுக் குழு ஒன்று, நோய் முற்றிய, அதாவது இளைப்பும் சளியும் வழக்கத்தைவிடத் திடீரென்று கூடிய, தருணங்களில் ஏறத்தாழப் பாதி மருத்துவரின் காதுக்கே போகவில்லை என்று 1998-இல் எழுதியது. அதே குழுவினர் 2004-இல் வெளியிட்ட கணக்குப்படி, சிகிச்சை ஒரு நாள் தாமதமானால் தேறுவது சராசரியாக 0.42 நாள், அதாவது சுமார் பத்து மணி நேரம், தள்ளிப்போகிறது. ஆகவே சீக்கிரம் தொடங்குவது நல்லது என்பதில் சண்டையில்லை. தொடங்குவது யார் கையில் இருக்கவேண்டும் என்பதுதான் கேள்வி.

அதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. முதல் வழி, "கூடினால் வாங்க" என்று வாயால் சொல்லி அனுப்புவது. இரண்டாவது, எழுதிய அட்டை ஒன்றும் ஒரு போன் நம்பரும். இளைப்பு கூடினால் நோயாளி தன் இன்ஹேலரைக் கூட்டிக்கொண்டு போன் செய்வார். மாத்திரை வேண்டுமா என்று மறுமுனையில் இருப்பவர் முடிவெடுப்பார். மூன்றாவது, ஸ்டீராய்டு மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் ஒரு பொட்டலமாக வீட்டிலேயே இருக்கும். அட்டையைப் பார்த்து நோயாளியே தொடங்கிக்கொள்வார். பிரிட்டனில் இந்த மூன்றாவது வழி சாதாரணம். அங்கே சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் 2018 வழிகாட்டி, கடந்த ஓராண்டில் ஒருமுறையாவது நோய் முற்றி, மேலும் முற்றும் ஆபத்து உள்ளவருக்கு இதைக் கொடுக்கச் சொல்கிறது. எப்போது, எப்படிச் சாப்பிடவேண்டும் என்பதில் அவருக்குத் தெளிவும் தைரியமும் இருக்கவேண்டும், பயன்படுத்தியதும் தகவல் சொல்லவேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். வழிகாட்டியை மேற்கோள் காட்டுகிறவர்கள் அநேகமாக விட்டுவிடுவது இந்த நிபந்தனைகளைத்தான்.

தமிழ்நாட்டுச் சூழலில் எங்கள் சாய்வை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலோருக்கு இரண்டாவது வழி போதும். பொட்டலம் சிலருக்கு மட்டும். அவர்களுக்கும் முதல் மாத்திரைக்கு முன்னால் ஒரு போன் கட்டாயம். முதல் வழியை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

ஒரே மாதிரித் திட்டம், நேரெதிர் முடிவு

இந்தச் சாய்வுக்குக் காரணம் சில ஆய்வுகள். மாண்ட்ரியல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் 191 நோயாளிகள் இருந்தார்கள். பயிற்சி பெற்றவர் வாரம் ஒருமுறை வீட்டுக்கே போய் ஏழெட்டு வாரம் சொல்லிக்கொடுத்தார், பிறகு மாதாமாதம் போனில் பேசினார். நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்வது சுமார் 40 சதவீதம் குறைந்தது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் 743 பேரை வைத்து நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு பயிற்சி வகுப்பு, எழுதிய திட்டம், வீட்டில் வைத்துக்கொள்ள மருந்து, மாதம் ஒரு போன். ஆஸ்பத்திரி அனுமதியும் அவசரப் பிரிவு வருகையும் சேர்த்து 41 சதவீதம் குறைந்தன.

அதே அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் இதே சாயலில் இன்னொரு பெரிய ஆய்வு தொடங்கியது. 960 பேரைச் சேர்க்க நினைத்தார்கள், 426 பேரோடு பாதியில் நிறுத்தினார்கள். காரணம், திட்டம் பெற்ற குழுவில் 28 பேரும் வழக்கமான சிகிச்சைக் குழுவில் 10 பேரும் இறந்திருந்தார்கள். முடிவு 2012-இல் வெளியானது. கூடுதல் இறப்புகளுக்கான காரணத்தை ஆய்வாளர்களால் முழுதாக விளக்க முடியவில்லை. பாதுகாப்பானது என்று நினைத்துக் கொடுத்த ஒரு பயிற்சித் திட்டத்தில் இப்படி நடந்ததால், பொட்டலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக்கூடாது என்று நாம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

இவற்றைவிட அதிகம் சொல்லித்தருவது கிளாஸ்கோ ஆய்வு. அதுவும் 2012-இல் வந்ததுதான். 464 பேரில் பயிற்சி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் மொத்தமாக ஒப்பிட்டபோது வித்தியாசமே இல்லை. ஆனால் பயிற்சி பெற்றவர்களில் 42 சதவீதம் பேர் திட்டத்தைச் சரியாகப் பின்பற்றக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வது குறைந்திருந்தது. யார் அந்த 42 சதவீதம்? வயதில் சற்று இளையவர்கள், தனியாக இல்லாமல் யாருடனாவது சேர்ந்து வாழ்பவர்கள். நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைப் போலவே, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதும் இந்தத் தேர்வில் ஒரு மருத்துவத் தகவல் என்று ஆகிறது. கேஸ் ஷீட்டில் அதற்கு ஒரு வரி ஒதுக்குங்கள்: மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் மனைவியா, மருமகளா, யாருமே இல்லையா?

பொட்டலத்துக்குள் என்ன, அதில் எது கெடும்

பொட்டலத்தின் முதல் பாதி பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. சிஓபிடி சிகிச்சைக்கான உலகளாவிய கோல்டு அறிக்கை தினம் 40 மில்லிகிராம், 5 நாள் என்கிறது. பிரிட்டனில் 30 மில்லிகிராம், 5 நாள். சுவிட்சர்லாந்தில் 314 பேரிடம் 5 நாளையும் 14 நாளையும் ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் மறுபடி நோய் முற்றியவர்கள் 5 நாள் குழுவில் 35.9 சதவீதம், 14 நாள் குழுவில் 36.8 சதவீதம். ஆகவே பத்து நாள், பதினைந்து நாள் என்று நீட்டுவதற்கும், ஐந்து நாள் மருந்தைப் படிப்படியாகக் குறைப்பதற்கும் அவசியமில்லை.

எழுதும்போது "40 மி.கி." என்று மட்டும் எழுதினால் தவறு நடக்கும். கடையில் 5, 10, 20, 40 என்று எல்லா அளவிலும் மாத்திரை இருக்கிறது. "20 மி.கி. மாத்திரை, காலையில் டிபனுக்குப் பிறகு 2, ஐந்து நாள், மொத்தம் 10" என்று எழுதி, பத்தே பத்து மாத்திரை கொடுக்கவேண்டும். மிச்சம் இருந்தால் அது ஆறாம் நாளும் உள்ளே போகும், அல்லது முழங்கால் வலிக்கு அண்டை வீட்டுக்குப் போகும். கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டுப்படுவது வழக்கம். கவர் மேல் இரண்டையும் கையால் எழுதிவிடுங்கள். இரவில் சாப்பிட்டால் தூக்கம் போகும். சுகர் உள்ளவர்களுக்குக் காலை மாத்திரையின் விளைவு பிற்பகலிலும் சாயங்காலத்திலும் தெரியும். வெறும் வயிற்றுச் சுகரை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடையக்கூடாது. அந்த ஐந்து நாளும் சாயங்காலம் ஒருமுறை பார்க்கவேண்டும்.

இரண்டாவது பாதி ஆன்டிபயாடிக். இது எல்லா முற்றலுக்கும் வேண்டியதில்லை. 1987-இல் கனடாவின் வின்னிபெக்கிலிருந்து வந்த ஆய்வு வகுத்த மூன்று அடையாளங்களை இன்றும் பயன்படுத்துகிறோம்: இளைப்பு கூடுவது, சளியின் அளவு கூடுவது, சளி சீழ்போல மாறுவது. மூன்றும் இருந்தால், அல்லது நிற மாற்றத்தோடு மற்ற இரண்டில் ஒன்று இருந்தால் ஆன்டிபயாடிக். இளைப்பு மட்டும் கூடி, சளி வெள்ளையாகவே இருந்தால் பெரும்பாலும் தேவையில்லை. 2000-இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், பச்சை நிறச் சளியில் 84 சதவீதத்திலும் வெள்ளைச் சளியில் 38 சதவீதத்திலும் பாக்டீரியா வளர்ந்தது.

சளியின் நிறத்தைப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வெற்றிலை போடுகிறவர், டீ குடித்தவர் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, இருமி, வெள்ளை டிஷ்யூ பேப்பரிலோ வெள்ளைக் கிண்ணத்திலோ துப்பி, ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். வாஷ்பேசினில் துப்பித் தண்ணீரைத் திறந்துவிட்டால் நிறம் போயிற்று. காலையில் வரும் முதல் சளி ராத்திரி முழுக்கத் தங்கியதால் சற்று அடர்த்தியாகத்தான் இருக்கும். அடுத்ததைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. சளியை விழுங்கிவிடும் பழக்கம் உள்ளவரிடம், குறிப்பாகப் பிறர் முன்னால் துப்பக் கூச்சப்படும் பெண்களிடம், நிறத்தைக் கேட்டுப் பயனில்லை. விறகடுப்புப் புகையால் சிஓபிடி வந்த, புகையே பிடிக்காத பெண்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கேள்வியைத் தனியாக வைத்துக் கேட்டால்தான் பதில் வரும்.

எந்த ஆன்டிபயாடிக்? பிரிட்டிஷ் வழிகாட்டியில் முதல் வரிசையில் இருப்பவை அமாக்சிசிலின் 500 மில்லிகிராம் தினம் மூன்று வேளை ஐந்து நாள், அல்லது டாக்சிசைக்ளின் முதல் நாள் 200 மில்லிகிராம், பிறகு தினம் 100, மொத்தம் ஐந்து நாள். டாக்சிசைக்ளினில் கணக்கு எளிது: 100 மில்லிகிராம் மாத்திரை ஆறு. ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காரவேண்டும். படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று கேட்டு, பதிலைப் பொட்டலத்தின் மேல் எழுதவேண்டும். உள்ளூரில் எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறது என்பதைப் பொறுத்து மருத்துவர் மாற்றலாம்.

மாற்றும்போது லிவோஃப்ளாக்சசின் பக்கம் கை போவது நம் ஊரில் சகஜம். வீட்டுப் பொட்டலத்தில் அது வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். இருமல் ஐந்தாறு நாள் குறைந்ததுபோல் தோன்றும், நோயறிதல் தள்ளிப்போகும், கிருமி அந்த மருந்துக்குப் பழகவும் வாய்ப்பு உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை என்ற விதி சிஓபிடி நோயாளிக்கும் பொருந்தும். "இவருக்கு எப்பவும் இருமல்தான்" என்று விட்டுவிடக்கூடாது. போதாததற்கு, வயதானவர் ஸ்டீராய்டோடு சேர்த்து இதைச் சாப்பிட்டால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் அறுந்துபோகும் ஆபத்தும் கூடுகிறது. மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறவருக்கு சிப்ரோஃப்ளாக்சசினோ கிளாரித்ரோமைசினோ சேர்ந்தால் தியோஃபிலின் இரத்தத்தில் ஏறி, வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை போகலாம்.

பொட்டலத்தின் பெரிய பலவீனம் மருந்தில் இல்லை. மூச்சு வாங்கினாலே சிஓபிடிதான் முற்றியிருக்கிறது என்று அது முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. பிரான்சில், மூச்சுத் தொந்தரவு கூடி ஆஸ்பத்திரியில் சேர்ந்த 740 சிஓபிடி நோயாளிகளை முறையாகப் பரிசோதித்தபோது 5.9 சதவீதம் பேருக்கு நுரையீரல் இரத்தக்குழாயில் உறைகட்டி இருந்தது. இதயச் செயலிழப்பு, நிமோனியா, நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைப்பது எல்லாம் இதே வேடத்தில்தான் வரும். பிரெட்னிசோலோன் தரும் தற்காலிகத் தெம்பில் மூன்று நாள் வீணாகும். போனில் ஒருவர் "கால் வீங்கியிருக்கா? ஒரு காலா, ரெண்டு காலா? நெஞ்சு குத்துதா? நேத்துவரை நல்லா இருந்து திடீர்னு வந்ததா?" என்று கேட்டாலே இவற்றில் பல பிடிபடும். இரண்டாவது வழியின் மதிப்பு இங்கேதான்.

போனில் சந்தேகம் தீராவிட்டால், உடலில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி இரத்தப் பரிசோதனை கைகொடுக்கும். பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களிடம் 653 பேரை வைத்து நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், இந்தப் பரிசோதனையைப் பார்த்து முடிவெடுத்தபோது ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள் 77 சதவீதத்திலிருந்து 57-ஆகக் குறைந்தார்கள். நோயாளிகளுக்குக் கெடுதல் எதுவும் தெரியவில்லை. நம் சிறு நகர லேப்களிலும் சிஆர்பி பார்க்கிறார்கள்.

நான்காவதாக ஒரு வழி: "ஒரு ஊசி"

ஒப்பீட்டில் சேர்க்காமல் விட்டாலும் இது ஊரில் நடந்துகொண்டேதான் இருக்கும். டெரிஃபிலினும் (தியோஃபிலின் வகை) டெக்சாமெத்தசோனும் (ஸ்டீராய்டு) சேர்த்து ஒரு ஊசி, சாயங்காலம் தேறிவிட்டதாக ஓர் உணர்வு, மூன்றாம் நாள் மறுபடி. தியோஃபிலின் வகை மருந்துகளை முற்றல் நேரத்தில் கொடுக்கவேண்டாம் என்று கோல்டு அறிக்கை சொல்கிறது. பலன் சொற்பம், பக்கவிளைவு அதிகம். ஸ்டீராய்டு வாய்வழியாகவே நன்றாக வேலை செய்யும். விழுங்க முடியாதவருக்கும் வாந்தி எடுப்பவருக்கும்தான் ஊசி. நோயாளியிடம் "ஊசி போடாதீங்க" என்று மட்டும் சொன்னால் எடுபடாது. "எங்க போனாலும் என்ன ஊசி, எத்தனைன்னு இந்த அட்டையில எழுதி வாங்கிட்டு வாங்க" என்றால் கணக்காவது கிடைக்கும். ஓராண்டில் மூன்று முறையோ அதற்கு மேலோ ஸ்டீராய்டோ ஆன்டிபயாடிக்கோ தேவைப்பட்டால் காரணத்தைத் தேடு என்று நைஸ் சொல்வதை, இந்த ஊசிகளையும் சேர்த்து எண்ணினால்தான் கடைப்பிடிக்க முடியும்.

ஸ்பேசரா, நெபுலைசரா

எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் அரை மணி நேரம் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தோடுதான் போகும். வீட்டுக்கு நெபுலைசர் (மருந்தைப் புகையாக்கித் தரும் மெஷின்) வாங்கலாமா என்று குடும்பத்தார் கேட்பார்கள். முற்றல் நேரத்தில் ஸ்பேசரோடு (இன்ஹேலரில் மாட்டும் பிளாஸ்டிக் டப்பா) இன்ஹேலர் போடுவதற்கும் நெபுலைசருக்கும் நுரையீரல் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஆய்வுகளில் தெரியவில்லை. விலையில், சுமந்து செல்வதில், கரண்ட் போனால் என்ன என்பதில் ஸ்பேசர்தான் முந்துகிறது. ரொம்ப இளைத்து, பஃப்போடு மூச்சை ஒத்திசைக்க முடியாதவருக்கு, கை நடுங்குகிறவருக்கு நெபுலைசர் வசதி.

ஆஸ்திரேலிய வழிகாட்டி முற்றல் நேரத்தில் சொல்வது, 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால் இன்ஹேலரில் 4 முதல் 8 பஃப், ஸ்பேசர் வழியாக, 3-4 மணிக்கு ஒருமுறை. எட்டையும் ஒரேயடியாக ஸ்பேசருக்குள் அடித்துவிட்டு இழுப்பதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு. துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சுவரில் ஒட்டிவிடும், நுரையீரலுக்குப் போவது குறையும். குலுக்கு, ஒரு பஃப், வாயில் வைத்தபடி நிதானமாக நாலைந்து மூச்சு. மறுபடி குலுக்கு, அடுத்த பஃப். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துணியால் துடைக்காமல் தானே உலரவிடவேண்டும். துடைத்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்னேற்றம் உண்டாகி மருந்தை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். மூன்று மணி நேரம்கூட மருந்து தாங்கவில்லை என்றால் வீட்டில் இருக்கவேண்டிய கட்டம் தாண்டிவிட்டது.

கேப்ஸ்யூலில் உள்ள பொடியை இழுக்கும் ரோட்டாஹேலர் பயன்படுத்துகிறவருக்குத் தனியாக ஒரு வரி தேவை. பொடியை உள்ளே இழுக்க வேகமான, பலமான மூச்சு வேண்டும். முற்றிய நேரத்தில் அது அவரிடம் இருக்காது. பொடி வாயிலேயே தங்கும். அவசரத்துக்கு மட்டுமாவது பம்ப் இன்ஹேலரும் ஸ்பேசரும் வீட்டில் இருக்கட்டும். கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்கிவிடுகிறவர்களும் உண்டு, சிரிக்கவேண்டாம், சொல்லித்தராதவர்கள் தப்பு அது.

நெபுலைசர் வாங்கினால் கப்பை ஒவ்வொரு முறையும் கழுவிக் கவிழ்த்து உலர்த்தவேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் இப்ராட்ரோபியம் கலந்த மருந்தை முகமூடி வழியாகக் கொடுத்தால் ஓரத்தில் கசியும் புகை கண்ணில் பட்டு, கண் அழுத்தம் உள்ளவருக்குச் சட்டென்று அழுத்தம் ஏற்றும். வாயில் கவ்வும் குழாயே நல்லது. இதைவிட முக்கியமான ஆபத்து, மெஷின் இருக்கிறதே என்ற தைரியத்தில் ராத்திரி முழுக்க நெபுலைசர் வைத்துக்கொண்டே விடியும்வரை காத்திருப்பது.

98 வேண்டாம்

கோவிட் காலத்தில் எல்லா வீட்டுக்கும் ஆக்ஸிமீட்டர் வந்தது. 94-க்குக் கீழே போனால் ஆபத்து என்ற பாடமும் வந்தது. சிஓபிடிக்கு அந்தப் பாடம் பொருந்தாது. சிலர் நல்ல நாளிலேயே 90, 91-தான். ஆக்சிஜன் தரும் கான்சென்ட்ரேட்டர் மெஷின் உள்ள வீட்டில் 98 வரும்வரை திருகைக் கூட்டுவார்கள். கார்பன் டை ஆக்சைடு தேங்கி, நோயாளி மெல்ல மயக்கத்துக்குப் போவார், "நல்லா தூங்குறாரு" என்று வீட்டில் நினைப்பார்கள். டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் வந்த 405 பேரை வைத்து 2010-இல் வெளியான ஆய்வில், அளவில்லாமல் ஆக்சிஜன் கொடுத்த குழுவில் 9 சதவீதம் பேரும், 88-92 என்று அளவு வைத்துக் கொடுத்த குழுவில் 4 சதவீதம் பேரும் இறந்தார்கள். அட்டையில் இரண்டு எண்கள் எழுதுங்கள்: இவருடைய வழக்கமான அளவு, ஆக்சிஜன் வைத்தால் அதற்குள்ளேயே வைத்திருக்கவேண்டிய அளவு 88-92. 108 வண்டி வந்தால் உள்ளே இருப்பவரிடம் அந்த அட்டையை நீட்டவேண்டும். விரல் சில்லிட்டிருந்தால், மருதாணியோ நெயில் பாலிஷோ இருந்தால் எண் தவறலாம். கறுத்த தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும் என்பதால், 90 காட்டுகிறது என்று மட்டும் பார்த்து ஆறுதல் கொள்ளவும் வேண்டாம். ஆள் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள்.

சொல்லிக்கொடுப்பது எப்படி

மேலே சொன்ன எல்லாம் நோயாளியின் தலைக்குள் போனால்தான் பயன். "புரிஞ்சுதா?" என்ற கேள்விக்கு நம் ஊரில் தலையாட்டுவதைத் தவிர வேறு பதில் கிடையாது, டாக்டர் கேட்டால் இன்னும் வேகமாக ஆட்டுவார்கள். திருப்பிச் சொல்லவைப்பதற்கும் செய்துகாட்டச் சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது. சிகாகோவில் ஆஸ்பத்திரியில் இருந்த ஆஸ்துமா, சிஓபிடி நோயாளிகளில் ஒரு பாதிக்கு இன்ஹேலர் போடும் முறையை வாயால் மட்டும் சொன்னார்கள். மறுபாதிக்குச் செய்துகாட்டி, திருப்பிச் செய்யச் சொல்லி, சரியாக வரும்வரை திருத்தினார்கள். முதல் குழுவில் 46 சதவீதம் பேர் அதற்குப் பிறகும் தவறாகவே போட்டார்கள்; இரண்டாவதில் 12.5 சதவீதம்.

நர்ஸ் பேசவேண்டிய தொனி ஏறக்குறைய இப்படி:

"ஐயா, நான் சரியா சொல்லிக்கொடுத்தேனான்னு பார்க்கணும். ராத்திரி சளி பச்சையா வருது, மூச்சும் எப்பவும்விட கூடுதலா வாங்குதுன்னு வச்சுக்குங்க. மொதல்ல என்ன செய்வீங்க?"

"அந்த மாத்திரையைப் போட்டுடுவேம்மா."

"அதுக்கு முன்னாடி ரெண்டு வேலை சொன்னேனே."

"ஆங்... பம்ப்பு. டப்பாவுல வச்சு. அப்புறம்... என்னம்மா?"

"போன், மாமா," என்று மருமகள் எடுத்துக் கொடுக்கிறார்.

இந்த இடத்தில் நர்ஸுக்கு ஒரு தகவல் கிடைத்துவிட்டது. இவருக்குப் பொட்டலம் கொடுப்பதாக இருந்தால் சாவி மருமகளிடம். மருமகள் வேலைக்குப் போகிறவர் என்றால் பகலில் யார் என்று அடுத்த கேள்வி. பரீட்சை நோயாளிக்கு அல்ல, சொல்லிக்கொடுத்தவருக்கு என்பது முதல் வாக்கியத்திலேயே வந்துவிடவேண்டும். இல்லாவிட்டால் பெரியவர்கள் கூசுவார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டவும் வேண்டாம். டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் இன்ஹேலரும் ஸ்பேசரும், டிஸ்சார்ஜ் அன்று அட்டையும் போனும், முதல் மறுவருகையில் மட்டும் பொட்டலம் பற்றிய பேச்சு என்று பிரித்தால் நிற்கும்.

அட்டையில் "மூச்சுத்திணறல் அதிகரித்தால்" என்று எழுதுவது வீண். அவருடைய நல்ல நாளை எழுதுங்கள்: தெருமுனைக் கடைவரை நிற்காமல் போவார், சளி வெள்ளை, நாளுக்கு ஒரு ஸ்பூன், ஆக்சிஜன் 91. மஞ்சள் பகுதி: கடைக்குப் போக நடுவில் நிற்கவேண்டியிருக்கிறது, அல்லது சளி நிறம் மாறியிருக்கிறது, இது ஒரு நாளைத் தாண்டிவிட்டது, பஃப் கூட்டு, போன் செய். சிவப்புப் பகுதி: ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை, உதடு நீலம், அரைத்தூக்கம் அல்லது பிதற்றல், புதிதாக நெஞ்சுவலி, சளியில் ரத்தம், திடீர்க் கால் வீக்கம், ஓய்விலேயே ஆக்சிஜன் 88-க்குக் கீழே. சிவப்பில் போன் ஆலோசனை கிடையாது, மாத்திரை தேடுவது கிடையாது, 108 மட்டும். ஆஸ்பத்திரியில் இரத்தத்தின் அமிலத்தன்மையைப் பார்த்து, முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் பைபாப் மெஷின் வைக்கவேண்டிய கட்டமாக அது இருக்கலாம். பைபாப்பைச் சரியான நேரத்தில் வைத்தால் தொண்டைக்குள் குழாய் இறக்கவேண்டிய நிலைமையும் இறப்பும் குறையும். அது வீட்டில் முடிகிற காரியம் இல்லை.

யாருக்கு எது

தனியாக வாழ்பவர், மறதி உள்ளவர், கண் தெரியாதவர், கட்டுப்படாத சுகர் உள்ளவர், இதய நோயும் சேர்ந்தவர், முன்பு பைபாப்போ வென்டிலேட்டரோ வைக்கப்பட்டவர்: இவர்களுக்குப் பொட்டலம் வேண்டாம். அட்டையும் போனும், மஞ்சள் பகுதியிலேயே நேரில் பார்ப்பதும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது முற்றுகிறவர், அடையாளங்களைத் திருப்பிச் சொல்லத் தெரிந்தவர், வீட்டில் துணை உள்ளவர், ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரப் பயணம் என்ற மலைக்கிராமத்துக்காரர்: இவர்களுக்குப் பொட்டலம் உண்மையிலேயே உதவும். முதல்முறையாக நோய் கண்டறியப்பட்டவருக்கு, ஸ்பைரோமெட்ரி செய்யாமலே "சிஓபிடி" என்று எழுதப்பட்டவருக்கு, எதுவானாலும் முதலில் அந்த ஊதும் பரிசோதனை.

இதற்கெல்லாம் போனை எடுக்க ஆள் வேண்டும். எடுக்க ஆளில்லாத நம்பரை அட்டையில் போடுவதைவிட மோசமானது எதுவும் இல்லை. பகல் நேர நம்பர், ராத்திரிக்கு டியூட்டி டாக்டர் நம்பர், "இரண்டு மணி நேரத்தில் பதில் வராவிட்டால் நேரே வந்துவிடவும்" என்ற வரி, மூன்றும் இருக்கட்டும். எடுப்பவர் முதல் அரை நிமிடம் குறுக்கிடாமல் நோயாளியையே பேசவிடவேண்டும், வீட்டாரை அல்ல. ஒரு மூச்சுக்கு எத்தனை சொல் வருகிறது என்பதைக் காதாலேயே எண்ணலாம்.

மாத்திரை தொடங்கியவரை 48 மணி நேரத்தில் நாமே கூப்பிட்டுக் கேட்கவேண்டும். அதற்குள் கொஞ்சமாவது குறையவில்லை என்றால் நேரில் வரச்சொல்லி நெஞ்சு எக்ஸ்ரே. குறைந்தாலும் ஒரு மாதத்துக்குள் ஒருமுறை பார்க்கவேண்டும். லண்டன் குழுவின் கணக்கில், முப்பத்தைந்து நாள் கழித்தும் நாலில் ஒரு முற்றலில் ஊதும் திறன் பழைய நிலைக்கு வரவில்லை. அந்த வருகையில் இன்ஹேலரை மறுபடி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நடைப்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் சேர்ந்த மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்புங்கள், ஃப்ளூ தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள். தீர்ந்த பொட்டலத்தைக் கடையில் அவரே நிரப்பிக்கொள்ள விடாமல், எத்தனையாவது பொட்டலம் என்று அட்டையில் குறித்துவிட்டுப் புதிதைக் கையில் கொடுங்கள்.